பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் சிறுவன்: அமெரிக்கப் பள்ளி வாசிப்பில் பரிந்துரையும் விலக்கும்

1

பன்னிரண்டிலிருந்து பதினாறு வயது வரைக்கும் உள்ள ஒரு பிள்ளை என்ன படிக்கலாம் என்பதை அந்தப் பிள்ளையைத் தவிர மற்ற எல்லோரும் தீர்மானிக்கிறார்கள். அப்பா அம்மா, வாத்தியார், நூலகர், பாதிரியார், பதிப்பாளர், விருதுக் குழு, பள்ளி நிர்வாகம், சட்டமன்ற உறுப்பினர், கடைசியில் நீதிபதி. இத்தனை பேரும் கூடித் தயாரிக்கிற சரக்குக்குப் 'பரிந்துரைக்கப்பட்ட நூல்கள்' என்று பெயர். பார்வைக்கு ரொம்ப சாதுவான காகிதம். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், எந்த வகுப்புக்கு, இரண்டு வரிக் குறிப்பு, அவ்வளவுதான். இதில் என்ன அரசியல் வேண்டிக் கிடக்கிறது என்று கேட்கிறவர்கள் உண்டு.

இந்தக் காகிதத்தையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து. நாவலுக்கு இருப்பதுபோலப் பட்டியலுக்கும் ஒரு கதாநாயகன் உண்டு. பட்டியலில் உள்ள எந்தப் புத்தகத்திலும் அவன் பாத்திரமாக வரமாட்டான். பட்டியலைப் போட்டவர் தன் மனசுக்குள் உட்கார்த்தி வைத்திருக்கிற 'வாசகச் சிறுவன்' அவன். அவனுடைய நிறம் என்ன, ஆணா பெண்ணா, எந்தத் தெரு, வீட்டில் என்ன பாஷை பேசுகிறான் என்பதையெல்லாம் பட்டியல் வாய்விட்டுச் சொல்லாது. ஆனால் எதைச் சேர்த்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் அவன் முகம் தெரிந்துவிடும். பரிந்துரைப்பவர், தடை செய்பவர் இருவருமே இந்தச் சிறுவனை முன்வைத்துத்தான் பேசுகிறார்கள். ஒருவர் அவனை வளர்க்கிறேன் என்கிறார், இன்னொருவர் அவனைக் காப்பாற்றுகிறேன் என்கிறார்.

இதைப் பேசுவதற்கு அமெரிக்க வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். அங்கே சிறார் நூலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஒரு நிறுவனமாக வேர்விட்டுவிட்டது. ஹார்ட்ஃபோர்டு நகர நூலகர் கரோலைன் ஹெவின்ஸ் 1882இலேயே இளையோருக்கான நூல் பட்டியலை அச்சிட்டார். 1922இல் நியூபெரி பதக்கம் வந்தது. பட்டியலுக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருப்பதால் பட்டியலை எதிர்த்த போராட்டத்துக்கும் அங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர்கள் கறுப்பினப் பெண் நூலகர்கள். தவிர, அந்த வரலாற்றின் ஒரு நூல் நம்ம ஊர் ரயிலில் தொடங்குகிறது. அங்கிருந்தே போகலாம்.

2

ஹெலன் பானர்மன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, இந்திய மருத்துவப் பணியில் இருந்த தன் கணவரோடு சுமார் முப்பது ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தவர். அதில் பெரும்பகுதி மதராஸ் மாகாணத்தில். 1898இல் கொடைக்கானலில் தன் பெண் குழந்தைகளை விட்டுவிட்டு மதராஸுக்குத் திரும்பும் ரயில் பயணத்தில் அவர்களுக்காக ஒரு கதையைக் கற்பனை செய்து படமும் வரைந்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1899இல் லண்டனில் 'லிட்டில் பிளாக் சாம்போ' என்ற பெயரில் அது அச்சாகியது. காப்புரிமை ஐந்து பவுண்டுக்குக் கைமாறிப் போயிற்று.

கதை எளிமையானது. கறுப்புச் சிறுவன் ஒருவன் புதுத்துணி உடுத்திக் குடை பிடித்துக் காட்டில் நடக்கிறான். புலிகள் ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றைப் பிடுங்கிக்கொள்கின்றன. பிறகு யார் அழகு என்று தங்களுக்குள் சண்டை போட்டு, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி நெய்யாக உருகிவிடுகின்றன. அம்மா அந்த நெய்யில் அப்பம் சுடுகிறாள். பையன் 169 அப்பம் தின்கிறான். புலி, நெய், குடை விற்கிற பஜார் என்று எல்லாமே இந்தியச் சாமான்கள். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர்களும் வரைந்த முகங்களும் வேறெங்கிருந்தோ வந்தவை. காலனியத்தின் கண்ணுக்கு இந்தியனும் ஆப்பிரிக்கனும் ஒரே மையால் வரையக்கூடிய 'கறுப்பு'. அந்த மைக்கு நாடு கிடையாது, பாஷை கிடையாது.

1900இல் அமெரிக்காவில் பதிப்பு வந்தது. அங்கே 'சாம்போ' என்பது அதற்கு முன்பே கறுப்பரை இழிவுபடுத்தும் பெயர். காப்புரிமையின் பிடி ஆசிரியர் கையில் இல்லாததால் ஆளாளுக்குப் பதிப்புப் போட்டார்கள். பல பதிப்புகளில் இந்தியக் காடு போய் அமெரிக்கத் தெற்கின் பருத்தித் தோட்டம் வந்தது. பெரிய உதடும் பிதுங்கிய கண்ணுமாகப் படங்கள் இன்னும் மோசமாயின. இந்தப் புத்தகம் பல பத்தாண்டுகள் அமெரிக்க நூலகங்களின் பரிந்துரைப் பட்டியல்களில் நிம்மதியாகக் குடியிருந்தது. சிறந்த பட நூல், குழந்தைகள் விரும்பிக் கேட்கும் கதை என்று குறிப்பு எழுதினார்கள். குழந்தைகள் விரும்பினார்கள் என்பது பொய்யும் அல்ல. கேள்வி வேறு. எந்தக் குழந்தைகள்? வகுப்பில் ஆசிரியை இதை வாசித்துக் காட்டும்போது ஒட்டுமொத்த வகுப்பும் திரும்பி எந்தக் குழந்தையைப் பார்த்தது?

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான வரிசையிலும் இதே கதைதான். ஹ்யூ லாஃப்டிங்கின் டாக்டர் டூலிட்டில் வரிசையின் முதல் நூல் 1920இல் வந்தது. அதில் ஓர் ஆப்பிரிக்க இளவரசன் தேவதைக் கதை அழகியை மணப்பதற்காகத் தன் முகத்தை வெள்ளையாக்கித் தரச்சொல்லி டாக்டரிடம் கெஞ்சுகிறான். டாக்டரும் மருந்து போட்டு வெளுக்க வைக்கிறார். அந்த வரிசையின் இரண்டாம் நூலுக்கு 1923இல் நியூபெரி பதக்கம் கிடைத்தது. 1988இல்தான் அப்பகுதிகளைத் திருத்தி மறுபதிப்புச் செய்தார்கள். அறுபத்தெட்டு வருஷம் பட்டியல் சிரித்துக்கொண்டிருந்தது.

பட்டியல் போட்டவர்கள் கொடியவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நியூயார்க் பொது நூலகத்தின் சிறார் பிரிவை 1906 முதல் 1941 வரை நடத்திய ஆன் கரோல் மூர் போன்றவர்கள், குழந்தைகளை நூலகத்துக்குள் விடவே கூடாது என்றிருந்த காலத்தில் கதவைத் திறந்தவர்கள். ஆனால் திறந்த கையிலேயே சல்லடையும் இருந்தது. 'தரம்' என்பது அந்தச் சல்லடைக்குப் பெயர். தரம் என்று சொல்லிவிட்டால் யாருடைய தரம் என்று எவரும் கேட்பதில்லை.

3

எதிர்ப் பட்டியலின் வரலாறு 1919இல் தொடங்குகிறது எனலாம். டு போய்ஸ் ஆசிரியராக இருந்த 'கிரைசிஸ்' பத்திரிகை கறுப்பர்மீது நடந்த கும்பல் கொலைகளை மாதாமாதம் பதிவு செய்துவந்தது. அதைப் படித்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, வெள்ளையர்மேல் தனக்கு வெறுப்பு வருகிறது என்று எழுதிய கடிதம் டு போய்ஸை உலுக்கியது. கொடுமையை மறைக்கவும் முடியாது, வெறுப்பை மட்டுமே ஊட்டிக்கொண்டிருக்கவும் கூடாது, அப்படியானால் கறுப்புப் பிள்ளை எதைப் படிப்பது? இந்தக் கேள்வியிலிருந்துதான் 'பிரௌனீஸ் புக்' என்ற சிறார் மாத இதழ் பிறந்தது. 1920 ஜனவரி முதல் 1921 டிசம்பர் வரை 24 இதழ்கள். இலக்கியப் பொறுப்பு ஜெஸ்ஸி ஃபாசெட்டுக்கு. சந்தா போதாமல் நின்றுபோயிற்று. நம்ம சிற்றிதழ்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் அது ஒரு காரியம் செய்தது. உயர்நிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்திருந்த ஓர் இளைஞனின் எழுத்தை 1921இல் வெளியிட்டது. அவன் பெயர் லாங்ஸ்டன் ஹியூஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவை திரும்ப வரும். 1932இல் நீக்ரோக் குழந்தைகளும் புத்தகங்களும் பற்றி எழுதிய கட்டுரையில் ஹியூஸ் சாம்போவைக் குறிப்பிட்டுத் தாக்கினார். வேறு காயம் எதுவும் படாத வெள்ளைக் குழந்தைக்கு அது வேடிக்கை, ஏற்கெனவே ஊரெல்லாம் கேலி கேட்டு வளர்கிற கறுப்புக் குழந்தைக்கு அது இன்னொரு அடி என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒரே புத்தகம் இரண்டு வாசகருக்கு இரண்டு பிரதியாகிறது என்பதைப் பின்னாளில் வாசகக் கோட்பாட்டாளர்கள் பெரிய சொற்களில் சொன்னார்கள். ஹியூஸ் அதை வலியிலிருந்து சொன்னார்.

இந்த வாதத்தை நூலக அலமாரிக்கே கொண்டுபோனவர்கள் இரண்டு பெண்கள். சிகாகோவின் கறுப்பர் பகுதி நூலகத்தில் சிறார் நூலகராக இருந்த சார்லிமே ஹில் ராலின்ஸ், ஆங்கில ஆசிரியர் தேசிய அமைப்பின் மூலம் 1941இல் 'வீ பில்ட் டுகெதர்' என்ற வழிகாட்டியை வெளியிட்டார். தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளி வரை நீக்ரோ வாழ்வைப் பற்றி எதைப் படிக்கலாம், எதைத் தள்ள வேண்டும் என்று சொல்லும் நூல். இன்னொருவர் அகஸ்டா பேக்கர். 1937இல் ஹார்லெமின் 135ஆம் தெரு நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். தன் அலமாரியில் இருந்த புத்தகங்களையே எடுத்து உட்கார்ந்து படித்துப் பார்த்தார். கறுப்பர் வருகிற இடத்தில் எல்லாம் கோமாளி, வேலைக்காரன், பயந்தாங்கொள்ளி. ஹார்லெமுக்குள் இருந்துகொண்டு ஹார்லெம் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்! 1939இல் அங்கே ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் நினைவாக ஒரு தனிச் சேகரிப்பைத் தொடங்கினார். 1946இல் 'நீக்ரோ வாழ்க்கை பற்றிய சிறார் நூல்கள்' என்று அதன் பட்டியல் அச்சாகியது. திரும்பத் திரும்பத் திருத்தி வெளியிடப்பட்ட அந்தப் பட்டியல் 1971இல் 'சிறார் நூல்களில் கறுப்பு அனுபவம்' என்று பெயர் மாற்றம் பெற்றது. நீக்ரோ கறுப்பர் ஆனதும், 'பற்றிய' என்பது போய் 'அனுபவம்' வந்ததும் அந்த இருபத்தைந்து ஆண்டு அரசியலின் சுருக்கம்.

பேக்கர் மூன்று அளவுகோல் வைத்தார்: மொழி, கருப்பொருள், படம். படத்தில் கேலிச்சித்திரம் கூடாது. கருப்பொருளில் அடிமைத்தனத்தை இன்பமாகக் காட்டக்கூடாது. மொழியில், தோட்டத்துக் கறுப்பன் இப்படித்தான் பேசுவான் என்று வெள்ளை எழுத்தாளர்கள் கட்டிவிட்ட போலிக் கொச்சை கூடாது. இந்த மூன்றாவது அளவுகோல் பிற்பாடு ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. அதற்கு வருகிறேன்.

4

பட்டியல் எவ்வளவு ஆபத்தான காகிதம் என்பதற்கு 1959ஆம் வருஷத்து அலபாமா ஒரு சாட்சி. கார்த் வில்லியம்ஸ் எழுதிய குழந்தைப் படக்கதை ஒன்றில் ஒரு கறுப்பு முயலும் வெள்ளை முயலும் கல்யாணம் பண்ணிக்கொள்கின்றன. இனக்கலப்புப் பிரச்சாரம் என்று செனட்டர் ஒருவர் கூச்சல் போட்டார். மாநில நூலகச் சேவையின் இயக்குநர் எமிலி ரீட் புத்தகத்தை எறிந்துவிட மறுத்தார், கேட்பவர்களுக்கு மட்டும் தரும் தனி அலமாரிக்கு மாற்றினார். ரீட்டின் அடுத்த 'குற்றம்' இன்னும் சுவாரசியமானது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் குறிப்பிடத்தக்க நூல்கள் பட்டியலை அவர் வழக்கம்போல நூலகங்களுக்கு அனுப்பினார். அதில் மார்ட்டின் லூதர் கிங் மாண்ட்கோமரி பேருந்துப் போராட்டம் பற்றி எழுதிய நூலும் இருந்தது. புத்தகம் எழுதியவரை விட்டுவிட்டுப் பட்டியலை அனுப்பியவரைப் பிடித்துக்கொண்டார்கள். 1960இல் அவர் அலபாமாவை விட்டு வெளியேறினார். அவர் வெள்ளையர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1965 செப்டம்பரில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் நான்சி லாரிக் ஒரு கட்டுரை எழுதினார். சிறார் நூல்களின் முழு வெள்ளை உலகம் என்பது அதன் தலைப்பின் பொருள். இந்தப் புத்தகங்களில் ஏன் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளே வருகிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டதிலிருந்து கட்டுரை தொடங்குகிறது. லாரிக் உபதேசம் செய்யவில்லை, எண்ணினார். 1962 முதல் 1964 வரையிலான மூன்று ஆண்டுகளில் 63 பதிப்பகங்கள் வெளியிட்ட 5,206 சிறார் நூல்கள். அவற்றில் எழுத்திலோ படத்திலோ ஒரு கறுப்பராவது வருகிற நூல்கள் 349, அதாவது 6.7 சதவீதம். இதிலும் பெரும்பாலானவை வேறு நாட்டிலோ பழைய காலத்திலோ நடக்கிறவை. சமகால அமெரிக்கக் கறுப்பர் இடம்பெற்றவை ஒரு சதவீதத்தில் ஐந்தில் நான்கு பங்கு. அடிமையாக இருந்த கறுப்பனைப் பார்க்கலாம், பக்கத்து வீட்டில் இருக்கிற கறுப்பனைப் பார்க்க முடியாது.

எண்ணிக்கைக்கு ஒரு தனி வலிமை உண்டு. ஒரு தனிப் புத்தகத்தைக் காட்டி இது இனவெறி என்றால், இல்லை இது கலை என்று பதில் வரும். 5,206ஐக் காட்டினால் பதில் வராது. மௌனத்தை எண்ணினால்தான் அது மௌனம் என்பதே தெரிய வருகிறது.

ஆனால் எண்ணிக்கை கொடுத்த வெட்கத்தால் மட்டும் பதிப்பாளர்கள் மாறிவிடவில்லை. அதே 1965இல் நிறைவேறிய கல்விச் சட்டம் பள்ளி நூலகங்களுக்கும் கல்விச் சாதனங்களுக்கும் பத்து கோடி டாலர் ஒதுக்கியது. நகரப் பள்ளிகள் கையில் பணத்தோடு வந்து கறுப்புப் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டன. வெளியே தெருவில் குடிமை உரிமைப் போராட்டம். தெருவும் கஜானாவும் ஒரே நேரத்தில் அழுத்தியபோதுதான் அச்சகம் அசைந்தது. அந்த ஆண்டுகளில் உருவான 'பல்லினச் சிறார் நூல்களுக்கான கவுன்சில்' எழுத்துப் போட்டி நடத்தியது. வால்ட்டர் டீன் மையர்ஸும் மில்ட்ரெட் டெய்லரும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தார்கள். 1969இல் நூலகர்கள் கூடி கொரெட்டா ஸ்காட் கிங் பெயரில் விருதை ஏற்படுத்தினார்கள். நியூபெரி பதக்கம் ஒரு கறுப்பு எழுத்தாளருக்குக் கிடைக்க 1975 வரை ஆயிற்று. வர்ஜீனியா ஹாமில்டன். பதக்கம் தொடங்கி ஐம்பத்துமூன்று ஆண்டுகள்.

5

இப்போது அந்த மொழிச் சிக்கல். 1969இல் ஜான் ஸ்டெப்டோ என்ற பத்தொன்பது வயது இளைஞர் 'ஸ்டீவி' என்ற படக்கதையைக் கொண்டுவந்தார். கறுப்புச் சிறுவன் ஒருவன் தன் தெருப் பேச்சிலேயே கதை சொல்கிறான். 1973இல் ஆலிஸ் சில்ட்ரெஸ் பதின்வயதினருக்காக ஒரு நாவல் எழுதினார். 'எ ஹீரோ எய்ன்ட் நத்திங் பட் எ சாண்ட்விச்' என்பது அதன் பெயர். தலைப்பே இலக்கணத்தை மீறுகிறது. ஹார்லெமில் ஹெராயினுக்கு அடிமையாகும் பெஞ்சி என்ற பதிமூன்று வயதுப் பையனைப் பற்றி, அவனும் அம்மாவும் மாற்றாந்தந்தையும் வாத்தியார்களும் ஆளுக்கொரு குரலில் பேசுகிறார்கள். எல்லாம் பேச்சு மொழி.

முப்பது வருஷத்துக்கு முன்னால் கொச்சையைத் தள்ளச் சொன்ன அதே போராட்டம் இப்போது கொச்சையைக் கொண்டாடுகிறதா? முரண்பாடு போலத் தெரியும். நான் இதை முரண்பாடாக வாசிக்கவில்லை. பேக்கர் தள்ளியது வெள்ளையன் கறுப்பன் வாயில் திணித்த பேச்சை. அவர் வட்டாரப் பேச்சையே வெறுத்தவர் அல்லர். சில்ட்ரெஸ் எழுதியது கறுப்பர் தங்களுக்குள் பேசிக்கொள்கிற பேச்சு. சொற்கள் ஒன்றுபோல இருக்கலாம், பேசுகிற இடம் வேறு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். நசுக்கப்பட்டவர்கள் முதலில் போடுகிற பட்டியலில் 'நாங்களும் கண்ணியமானவர்கள்தாம்' என்று காட்டுகிற அவசரம் இருக்கும். விஞ்ஞானி, கவிஞர், ஓட்டப்பந்தய வீரர் என்று வெற்றி பெற்றவர்களின் சரிதைகள் நிரம்பும். போதை ஊசி குத்திக்கொள்கிற பெஞ்சிக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது கஷ்டம். கண்ணியம் என்பதும் ஒரு சல்லடை. எதிர்ப் பட்டியலையும் எதிர்த்து ஒரு பிள்ளை நிற்கக்கூடும்.

பெஞ்சியை வேறு ஆட்களும் தேடி வந்தார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஐலண்ட் ட்ரீஸ் பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர்கள் சிலர் 1975 செப்டம்பரில் ஒரு பழமைவாதப் பெற்றோர் அமைப்பின் மாநாட்டுக்குப் போய், 'ஆட்சேபகரமான நூல்கள்' என்ற பட்டியலோடு திரும்பினார்கள். நவம்பரில் ஒரு ராத்திரி பள்ளிக்குள் போய் நூலக அட்டைகளைப் புரட்டி அந்தப் பெயர்களைத் தேடினார்கள். உயர்நிலைப் பள்ளி நூலகத்தில் ஒன்பது, நடுநிலைப் பள்ளியில் ஒன்று, பாடத்திட்டத்தில் ஒன்று கிடைத்தன. சில்ட்ரெஸின் நாவல், ரிச்சர்ட் ரைட்டின் 'பிளாக் பாய்', போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினரான பிரி தாமஸின் தன்வரலாறு, எல்ட்ரிட்ஜ் கிளீவர், வானகட், மாலமுட். கூடவே நீக்ரோ எழுத்தாளர்களின் சிறந்த சிறுகதைகள் என்ற தொகுப்பு. தொகுத்தவர் லாங்ஸ்டன் ஹியூஸ். பதின்வயதில் பிரௌனீஸ் புக்கில் எழுதத் தொடங்கியவர், செத்து ஒன்பது ஆண்டு கழித்து, 1976இல் பதின்வயதினரின் அலமாரியிலிருந்து அகற்றப்பட்டார்.

பதினொன்றில் பாதிக்கு மேல் கறுப்பர், போர்ட்டோ ரிக்கோக்காரர், செவ்விந்தியர், யூதர் வாழ்வைச் சொல்பவை என்பது தற்செயலா? அமெரிக்க விரோதம், கிறிஸ்தவ விரோதம், யூத விரோதம், ஆபாசம் என்று நிர்வாகம் அறிக்கை விட்டது. மாலமுட்டின் நாவல் யூத வெறுப்புக்குப் பலியாகும் ஒரு யூதனின் கதை! படிக்காமல் போட்ட பட்டியலைப் படிக்காமல் நிறைவேற்றினால் இப்படித்தான் ஆகும். பெற்றோரும் ஆசிரியரும் அடங்கிய குழு சிலவற்றைத் திருப்பி வைக்கச் சொன்னது. நிர்வாகம் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் தடையின்றி விட்டது, 'பிளாக் பாய்' நூலைப் பெற்றோர் அனுமதியோடு தரலாம் என்றது.

நடுவில் யாரும் எதிர்பாராத ஓர் ஆள் எழுந்து நின்றது: மாணவர்கள். ஸ்டீவன் பிக்கோ என்ற பதினேழு வயதுப் பையனும் இன்னும் நான்கு பேரும் 1977 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். அதுவரை எல்லோரும் 'பிள்ளைகளுக்காக' பேசிக்கொண்டிருந்தார்கள், இப்போது பிள்ளைகளே பேசினார்கள். 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. ஒரு கருத்து பிடிக்கவில்லை என்பதற்காகப் பள்ளி நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுக்கக்கூடாது என்பது நீதிபதி பிரென்னன் எழுதிய கருத்தின் மையம். ஆனால் அந்தக் கருத்தில் பெரும்பான்மை நீதிபதிகள் முழுமையாக ஒப்பவில்லை. அந்த ஓட்டை அப்படியே கிடந்தது.

6

1990இல் ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற கல்வியாளர் ஒரு சிறிய கட்டுரையில் மூன்று உருவகங்களைத் தந்தார். புத்தகம் பிள்ளைக்கு ஒரு கண்ணாடி, அதில் தன் முகம் தெரியும். ஒரு ஜன்னல், அதன் வழியே பிறர் உலகம் தெரியும். ஒரு சறுக்குக் கதவு, அதைத் தள்ளிக்கொண்டு அந்த உலகத்துக்குள் போகலாம். இன்று உலகெங்கும் பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்லிச் சொல்லிக் கூர் மழுங்கிவிட்டது. பிஷப் சொன்னதில் எல்லோரும் வசதியாக மறக்கிற பாதி ஒன்று உண்டு. ஆதிக்கச் சாதி — மன்னிக்கவும், ஆதிக்க இனப் பிள்ளைக்குக் கண்ணாடிகள் மட்டுமே கிடைத்தால், உலகமே தன் முகம் என்று நம்பி வளரும். பட்டியலைத் திறந்துவிடுவது விளிம்பில் இருக்கிற பிள்ளைக்குச் செய்கிற தானம் என்று நினைப்பவர்களுக்கு இது பதில். நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கும் அது மருந்து.

கண்ணாடிகளும் சுலபத்தில் பெருகிவிடவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துச் சிறார் நூல் மையம் 1985இல் எண்ணத் தொடங்கியபோது, அந்த ஆண்டு வெளியான சுமார் 2,500 நூல்களில் கறுப்பர் எழுதியதோ வரைந்ததோ 18 மட்டுமே. லாரிக்கின் கட்டுரைக்கு இருபது ஆண்டு கழித்து இந்த நிலை. தெரு அடங்கி, கஜானா மூடியதும் பட்டியல் பழைய முகத்துக்குத் திரும்பிவிட்டது.

பெருகத் தொடங்கியபோது உடைப்பும் தொடங்கியது. 2021 அக்டோபரில் டெக்ஸாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் சுமார் 850 புத்தகங்களின் பட்டியலைப் பள்ளி மாவட்டங்களுக்கு அனுப்பி, இவை உங்களிடம் இருக்கின்றனவா என்று கேட்டார். அதே மாநிலத்தின் லானோ மாவட்டப் பொது நூலகம் 17 புத்தகங்களை அகற்றியது. சிறுபிள்ளைகளின் வேடிக்கைப் புத்தகங்கள், பதின்வயதினருக்கான கு கிளக்ஸ் கிளான் வரலாறு, இவற்றோடு இசபெல் வில்கர்சனின் 'காஸ்ட்', அதாவது 'சாதி'. அமெரிக்க நிறவெறியை நம்முடைய சாதி அமைப்போடும் நாஜி ஜெர்மனியோடும் வைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு நூல். வாசகர்கள் வழக்குப் போட்டார்கள். பொது நூலகத்தில் இன்ன புத்தகம் இருந்தாக வேண்டும் என்று கேட்கும் உரிமை வாசகருக்கு இல்லை என்று 2025 மே மாதம் ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பத்துக்கு ஏழு என்று தீர்ப்பளித்தது. 1982இல் விட்ட ஓட்டை வழியாகத்தான் இது நுழைந்தது. மதராஸ் ரயிலிலிருந்து போன சாம்போ பல பத்தாண்டுகள் பட்டியலில் இருந்தான். இந்தியாவிலிருந்து போன 'சாதி' என்ற சொல் மட்டும் அலமாரியில் நிம்மதியாக இருக்க முடியவில்லை.

7

அமெரிக்காவை அப்படியே இங்கே பெயர்த்து வைப்பது என் நோக்கமல்ல. நிறமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் பட்டியலின் கதாநாயகனைத் தேடும் வாசிப்பு முறை நமக்கும் பயன்படும்.

நம் சிறார் கதைகளில் கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்குக் கிராமம் போகிற பையன் எத்தனை தடவை வருகிறான் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே அவனுக்கு ஆடு மேய்க்கிற ஒரு சிநேகிதன் கிடைப்பான், நீச்சல் சொல்லிக் கொடுப்பான், கதை முடியும்போது டாட்டா காட்டுவான். மேய்க்கிறவனின் கண்ணிலிருந்து, விடுமுறைக்கு வந்து போகிறவன் எப்படித் தெரிவான்? பதிமூன்று வயதில் வயசுக்கு வந்து பள்ளிக்கூடம் நின்றுபோன பெண்பிள்ளை எந்தக் கதையில் இருக்கிறாள்? பாலியல் அத்துமீறலைச் சிறுமியின் பக்கம் நின்று பேசிய யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சாகித்திய அகாதெமியின் 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய விருதைப் பெற்றது போன்ற நல்ல உடைப்புகள் உண்டு. உடைப்புகளைக் கொண்டாடுகிறோம் என்பதே சுவர் இருப்பதற்குச் சாட்சி.

பாமாவின் 'கருக்கு' 1992இல் தெருப் பேச்சில் வந்தது. கொச்சை என்று முகம் சுளித்தவர்களை நாமறிவோம். அதன் ஒரு பகுதி ஆங்கிலமாகி, 2007இல் வந்த தேசியக் கல்வி ஆராய்ச்சிக் குழுவின் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் துணைப்பாட நூலில், கட்டாயமாகத் தலைமுடி வெட்டப்பட்ட செவ்விந்தியச் சிறுமி சிட்கலா-சாவின் நினைவோடு ஒரே பாடமாக வைக்கப்பட்டது. பெரியவர் ஒருவர் பொட்டலத்தை நூலில் பிடித்துத் தூக்கிப் போவதைப் பார்த்துச் சிரித்த சிறுமி, அது ஏன் என்று அண்ணன் சொல்லி அறிகிற இடம். ஒரு தமிழ்ச் சேரிச் சிறுமியும் ஒரு செவ்விந்தியச் சிறுமியும் ஒரே பாடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். நல்ல சந்திப்பு. ஆனால் சந்திப்பதற்கு முன்னால் பாமாவின் சிறுமி தன் பேச்சைக் கழற்றி வைக்க வேண்டியிருந்தது.

தெருநூலகம், வாசகர் வட்டம், கோடை முகாம் என்று வேலை செய்கிற தோழர்கள் பலர் இந்தப் பக்கங்களைப் படிக்கிறீர்கள். உங்களிடம் நிச்சயம் ஒரு பட்டியல் இருக்கும். நல்ல எண்ணத்தோடு, முற்போக்காகவே தயாரித்திருப்பீர்கள். அதை எடுத்து வைத்துக்கொண்டு லாரிக் செய்ததைச் செய்து பாருங்கள். எத்தனை நூலில் தலித் பிள்ளை வருகிறது, அதில் எத்தனையில் அது கதையை நடத்துகிறது, எத்தனையில் உதவி பெற்றுக்கொண்டு நன்றி சொல்கிறது. எத்தனை முஸ்லிம் வீடு. எத்தனை பெண்பிள்ளை அடுக்களைக்கு வெளியே. எத்தனை நூல் வீட்டுப் பேச்சில். எண்ணி எழுதிய தாளை முகாமுக்கு வருகிற பிள்ளைகளிடமே கொடுங்கள். அவர்கள் எதை அடிக்கிறார்கள், எதைச் சேர்க்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, அந்தத் தாளை எங்களுக்கும் அனுப்புங்கள், அடித்தல் திருத்தலோடு அப்படியே வெளியிடலாம்.